ஏரி நிறையும் வரை ஆட்டம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போது, சாலையின் இருமருங்கிலும் நெல்வயல்களும் மல்லாட்டைக் கொல்லைகளும் ஏரிக்கரைகளும் மாறி மாறி வரும். அவ்வூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் உறவினரைக் காண, 2025ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, அக்டோபர் 19ஆம் நாள் பிற்பகல் நாம் சென்றிருந்தோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலைத் துறையினர் அறிவித்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. வானம் ஈயம் பூசியதுபோல் இருந்தது. உறவினர் வீட்டில் இல்லை. "ஏரிக்குள்ள மேச் பாக்கப் போயிருக்காரு" என்றார் அவருடைய துணைவியார். மழை இறங்கும் காலத்தில் ஏரிக்குள் என்ன ஆட்டம் என்ற வியப்புடன் நாமும் கரையேறினோம்.

ஏரியின் மூன்றில் ஒரு பாகத்தில் நீர் வந்துவிட்டிருந்தது. மீதமிருந்த மண்ணில், நீரின் விளிம்பிலிருந்து ஐம்பது தப்படித் தொலைவில், மூன்று குச்சிகளை நட்டு இளைஞர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். கரைமேல் நூறு பேருக்குக் குறையாமல் நின்றனர். கைக்குழந்தையுடன் வந்திருந்த பெண்களையும் கண்டோம். அது அவ்வாண்டின் கடைசி ஆட்டம். மணமானவர் ஓர் அணி, மணமாகாதவர் மற்றோர் அணி. வெளியூரில் வேலை செய்வோர் தீபாவளிக்கு ஊர் திரும்பும் நாளில் இப்படி ஓர் ஆட்டம் ஆடிப் பருவத்தை முடித்துக்கொள்வது அச்சங்கத்தின் வழக்கமாம். சங்கத்தின் பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டோம். "வேண்டாம் சார். ஏரிக்குள்ள ஆடுறோம்னு எழுதினா எவனாவது மனுப் போட்டுடுவான்" என்றனர். ஆகவே எழுதவில்லை.

நகரத்து வாசகர்களுக்கு இந்தப் பருவம் என்னும் கணக்கு சற்றுப் புதிராக இருக்கலாம். பெரிய சங்கங்களுக்கு அட்டவணை உண்டு. தொடக்க நாளும் முடிவு நாளும் அச்சில் வரும். இங்கே அட்டவணை போடுவது நிலமும் நீரும்தான். தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும், அடுத்த உழவு தொடங்கும்வரை வெறுமனே கிடக்கும் வயல்களில் ஆட்டம் தொடங்கும். நெல்லின் தாள் காலைக் குத்தும். வரப்பில் பட்ட பந்து எத்திசை செல்லும் என்று எவராலும் சொல்ல முடியாது. பொங்கலையொட்டிச் சிற்றூர்தோறும் நடைபெறும் போட்டிகள் இத்தகைய வயல்களில்தான் பெரும்பாலும் நடக்கின்றன. வயலுக்குடையவர் நவரை நடவுக்கு ஏர் பூட்டினால் அன்றோடு அந்த மைதானம் போயிற்று. அதன்பின் ஏரிதான் கதி. கோடையில் நீர் வற்ற வற்ற மண் தெரியும். உள்வாய்ப் பகுதியின் களிமண் கையகல வெடிப்பு விடுமாதலால் அங்கே ஆடவியலாது. நீர்பிடிப்பின் மேட்டுப் பக்கத்தில், சரளை கலந்த இடமாகப் பார்த்துச் சீமைக் கருவேலஞ் செடிகளை வேரோடு அகற்றி, பள்ளங்களைக் களிமண் குழைத்து அடைத்து, இருபத்திரண்டு கஜ நீளத்திற்குத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இடிக்கின்றனர். இந்த வேலைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்குமாம். அந்த இரண்டு ஞாயிறும் வராதவன் சிறந்த மட்டையாளனாக இருந்தாலும் முதல் ஆட்டத்தில் கரைமேல்தான் உட்கார வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். நல்ல சட்டம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

2025இல் அவர்களுக்கு வயலும் நெடுநாள் வாய்க்கவில்லை, ஏரியும் வாய்க்கவில்லை. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையை இம்மாவட்டத்தில் எவரும் எளிதில் மறக்கமாட்டார்கள். திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து வீடொன்றின்மேல் விழுந்து சிறுவர்கள் உட்பட ஏழு பேர் மாண்டனர். ஏரிகள் நிரம்பி வழிந்தன. இவர்களுடைய ஏரியும் நள்ளிரவில் கோடி போயிற்று. கரை நிற்குமா நிற்காதா என்று ஊரார் விடியும்வரை மணல் மூட்டையுடன் காத்திருந்தனர். அன்று மூட்டை சுமந்தவர்களில் பாதிப்பேர் இந்தச் சங்கத்துப் பிள்ளைகள் என்று உறவினர் கூறினார். அவ்வளவு நீர் நின்றதால் ஏரி மண்ணை மே மாதத்தில்தான் கண்ணால் கண்டனராம். வண்டல் எடுக்க வந்த பொக்லைன், ஆடுதளம் இருந்த இடத்தையே தோண்டிவிட்டது. உழவர்கள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு இசைவளிக்கிறது. அது நிலத்துக்கு எருவாகிறது, ஏரிக்கும் ஆழம் கூடுகிறது. குறை சொல்ல வழியில்லை. வண்டியில் மண் ஏற்றிச் சென்றவர்களும் ஆட்டக்காரர்களின் தந்தையர்தானே! பிள்ளைகள் நூறு தப்படி தள்ளிப் புதிய ஆடுதளம் அமைத்தனர். அதுவும் முடிந்தபோது ஆனி பிறந்துவிட்டது. ஐந்து மாதமும் நிறையாத பருவம் அது.

ஏரி இப்படி நிரம்பி வருகிறதே, வருத்தமாக இல்லையா என்று ஓர் இளைஞரைக் கேட்டோம். அவர் நம்மை விசித்திரமாகப் பார்த்தார்.

"நெறையணும் சார். எங்க கழனிக்கும் இந்தத் தண்ணிதான். நெறையலன்னா எங்கப்பா என்னை இங்க வுடவே மாட்டாரு."

பந்தாடும் இடம் மூழ்க வேண்டும் என்று பந்தாடுகிறவனே வேண்டிக்கொள்ளும் விளையாட்டு உலகில் வேறெங்கேனும் உண்டா என்று எண்ணியபடி நின்றோம்.

ஊதியம் கருதாமல், ஞாயிறு தோறும் கூடி ஆடும் சங்கம் என்ற மரபு நம் நாட்டில் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்றால் சென்னையில் போய் நிற்போம். மதராஸ் கிரிக்கெட் கிளப் 1846ஆம் ஆண்டில் வெள்ளையரால் தொடங்கப்பெற்றது. பின்னர் சேப்பாக்கத்தில் குடிகொண்டது. அங்கே ஆட வந்த இந்தியருக்கு ஓய்வு மாளிகைக்குள் இடமில்லை. மரத்தடியில் அமர்ந்து உணவருந்த வேண்டியிருந்தது. இதனைப் பொறாத புச்சி பாபு நாயுடு என்னும் செல்வர் 1888இல் மதராஸ் யுனைடெட் கிளப் என்ற சங்கத்தை நிறுவி, இளைஞர்களுக்குத் தம் கைப்பொருளில் மட்டையும் உடையும் வாங்கித் தந்து பழக்கினார். தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று அவரைக் கூறுகின்றனர். ஐரோப்பியரும் இந்தியரும் எதிர்த்தாட ஏற்பாடு செய்த அவர், அந்த ஆட்டத்தைக் காணாமலே 1908இல் காலமானார். பிற்காலத்தில் அது பொங்கல் விடுமுறையில் நடக்கும் ராஜதானிப் பந்தயமாக நிலைபெற்று, நாடு விடுதலையடைந்த பிறகும் சில ஆண்டுகள் நடந்தது. சென்னையின் பெரிய ஆட்டத்துக்கும் கீழ்பென்னாத்தூரின் வயல் ஆட்டத்துக்கும் தைத்திங்கள் பொதுவாக அமைந்தது தற்செயலே ஆயினும், நமக்கு அது பிடித்திருக்கிறது.

அந்நாளைய சங்கங்களிலிருந்து வந்தவர்களுள் எம். ஜே. கோபாலனை மறக்கலாகாது. செங்கற்பட்டுச் சீமையின் மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909இல் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்து, ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் நாட்டுக்காக ஆடியவர். 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் முதல் பந்தை வீசியவர் அவரே. அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று. ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தார். மைசூர் இருமுறை ஆடியும் சென்னையின் 130ஐ எட்டவில்லை. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் ஹாக்கி அணியா, இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியா என்று தெரிந்தெடுக்க வேண்டிய நிலை வந்தபோது கோபாலன் கிரிக்கெட்டைத் தெரிந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கப் பதக்கத்துடன் திரும்பியது. இவருக்கோ அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட் ஆட்டமும் கிட்டவில்லை.

சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் ஆட்டங்கள் இன்று பல படிகளாக நடைபெறுகின்றன. மேற்படிக்குப் பாளையம்பட்டி ராஜா கேடயம். பருவம் முடியும்போது பட்டியலின் அடியில் நிற்கும் அணி கீழ்ப்படிக்கு இறங்கும். கீழே முதலிடம் பெற்றது மேலேறும். ஒரு காலத்தில் பேட்டைக்காரர் நடத்திய சங்கங்கள் பல, இன்று நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அதில் நன்மையும் உண்டு. ஏழைப் பையனுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. ஆனால் சங்கம் என்பது யாருடையது என்ற கேள்விக்கு முன்போல எளிதாக விடை சொல்ல முடிவதில்லை. ஏரிக்குள் ஆடும் சங்கத்தில் ஏறவும் படியில்லை, இறங்கவும் படியில்லை. அடுத்த ஆண்டு பதினொரு பேர் இருப்பார்களா இல்லையா என்பதுதான் அவர்களுடைய பட்டியல்.

பெற்றோர் பலர் நம்மிடம் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. "பையன் மட்டையும் கையுமாகவே திரிகிறான், கேட்டால் நடராஜனைப் பார் என்கிறான்" என்பார்கள். பிள்ளை சொல்வதிலும் பொருள் இருக்கிறது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் 1991இல் பிறந்த நடராஜனின் தந்தை நெசவுக்கூலி. தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை வைத்திருந்தவர். இருபது வயதை ஒட்டும்வரை அவர் ஆடியது இதே டென்னிஸ் பந்து ஆட்டந்தான். சிற்றூரில் தோல் பந்து விலை கட்டுமா? காலுறையும் கையுறையும் யார் வாங்கித் தருவது? டென்னிஸ் பந்தோ இலேசானது, எகிறி மேலே வருவது. அதைக் கொண்டு மட்டையாளனைத் திணறடிக்க வேண்டுமானால் அவன் காலடியிலேயே இறக்க வேண்டும். அந்தப் பழக்கமே பின்னாளில் யார்க்கர் என்று உலகம் புகழ்ந்த பந்தாயிற்று. அதே ஊர் ஜெயப்பிரகாஷ் என்பவர் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். நான்காம் டிவிஷனில் தொடங்கி முதல் டிவிஷன் வரை ஏறினார். 2015இல் ரஞ்சிக் கோப்பைக்கு ஆடியபோது பந்துவீசும் முறையில் பிழை உண்டென்று ஐயம் எழுப்பப்பட்டு, கையசைவையே மாற்றிக் கற்க நேர்ந்தது. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நாட்டுக்காக முதல் ஆட்டம். 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். வலைப்பயிற்சியில் பந்துவீசச் சென்றவர் மூவகை ஆட்டத்திலும் களமிறங்கித் திரும்பினார். 2023இல் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு மைதானமும் அமைத்துத் தந்தார்.

இதையெல்லாம் கரைமேல் நின்ற ஒரு தந்தையிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எம் பையன் நடராஜன் ஆவமாட்டான் சார், அது எனக்கே தெரியும். சாயந்திரம் எங்க இருக்கான்னு தெரியுது பாருங்க, அது போதும்" என்றார். குடியும் கைப்பேசிச் சூதும் சிற்றூர்களில் எப்படிப் புகுந்திருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு அந்த மறுமொழியின் கனம் புரியும்.

மணமானவர் அணியில் பந்து வீசிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி இங்கே சற்று விரிவாகக் கூற வேண்டும். நாற்பத்திரண்டு வயது, தையற்காரர், கீழ்பென்னாத்தூர்ச் சாலையில் கடை. 2009இலிருந்து சங்கத்தின் கணக்கு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. இடைவேளையில் அதைக் காட்டினார். ரெக்சின் அட்டை போட்டுத் தைத்த தடித்த நோட்டு. பந்து இத்தனை, ஸ்டம்பு செதுக்கிய தச்சருக்குக் கூலி, வேட்டவலத்துக்கும் அவலூர்பேட்டைக்கும் மங்கலத்துக்கும் ஆடச் சென்றபோது குட்டி யானை வாடகை, நுழைவுக் கட்டணம், வென்ற பரிசு, அதைப் பங்கிட்ட விவரம் யாவும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ஒருவர் தலை உடைந்தபோது போட்ட தையலுக்கான செலவும் இருந்தது. ஓரத்தில் "பாதி அவனே கொடுத்தான்" என்று குறிப்பு.

அந்த நோட்டின் முதல் சில பக்கங்களில் இரண்டு கணக்குகள் தனித்தனியே இருந்தன. ஏன் என்று வினவினோம். "அப்ப ஊர் டீம் வேற, காலனி டீம் வேற" என்றார். பிறகு எப்படி ஒன்றாயிற்று? யாரேனும் பெரியவர்கள் வந்து அறிவுரை கூறினார்களா? "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். பசங்க மெட்ராசுக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குப் போயிட்டாங்க. இங்க ஆறு பேரு, அங்க அஞ்சு பேரு." ஆறும் ஐந்தும் பதினொன்று என்ற கணக்குதான் அங்கே வேலை செய்திருக்கிறது. ஆடும் இடம் ஒருவருடைய நிலமாக இருந்திருந்தால் இதுவும் நடந்திருக்காது. ஏரி புறம்போக்கு; எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை. ஆயினும் ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கப் போகும்போது ஒரு சிக்கல் வந்ததாம். ஒரு கடையில் சிலருக்குக் கண்ணாடிக் குவளையும் சிலருக்குக் காகிதக் குவளையும் நீட்டப்பட்டன. அன்றே அந்தக் கடையை விட்டனர். பேருந்து நிறுத்தத்தில் கடை வைத்திருக்கும் அம்மையாரிடம் எல்லாருக்கும் ஒரே கண்ணாடிக் குவளை. அன்றிலிருந்து அங்கேதான் கணக்கு. வாசகர்களுள் சிலர் பல்வங்கர் பாலூ என்ற பெயரைக் கேட்டிருக்கக்கூடும். 1911இல் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்திய அந்த ஒப்பற்ற சுழற்பந்து வீச்சாளருக்குப் புனா நகரில் ஓய்வு மாளிகைக்கு வெளியே, உடைத்தெறியும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. சேப்பாக்கத்து மரத்தடியும் புனாவின் மண்குவளையும் நமது ஊர்ச் சாலையின் காகிதக் குவளையும் ஒரே வமிசத்தைச் சேர்ந்தவை.

தையற்காரர் தீபாவளி முடிந்ததும் திருப்பூர் செல்கிறார். அங்கே பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பேசியாகிவிட்டது. இதைக் கேட்டபோதுதான் ஒன்று நமக்கு உறைத்தது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு தையற்காரர் ஏரிக்குள் பந்து வீசிக்கொண்டிருக்கிறாரே! பத்தாண்டுகளுக்கு முன்பு அந்த வாரத்தில் அவரைத் தலை நிமிரப் பார்த்திருக்க முடியாது. கடைசி ஆட்டத்திற்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லையாம். "இந்த வருசந்தான் சார் மொத தடவையா ஆடுறேன்" என்று சிரித்தார். ஆயத்த ஆடைகள் வந்த பிறகு துணி தைக்கக் கொடுப்போர் குறைந்துவிட்டனர். பள்ளிச் சீருடையும் கிழிசலும் சேர்ந்து கடை வாடகைக்கு மேல் மிஞ்சுவதில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பத்தாம் வகுப்பு.

நோட்டை யார் ஏற்பது என்பதில்தான் முடிவு ஏற்படவில்லை. மணமாகாதவர் அணித்தலைவர், "எதுக்குண்ணா நோட்டு? குரூப்புல போட்டுக்கலாம். காசு வந்தா போன்லயே தெரியுது" என்றார். தையற்காரர் மறுக்கவில்லை, ஆனால் நோட்டைப் பிரித்துத் தலை உடைந்த கணக்கைக் காட்டி, "இதை எங்க போடுவ?" என்று கேட்டார். மற்றொருவர் ஒரகடத்தில் இரவு முறை வேலை பார்ப்பதால் தம்மால் இயலாதென்றார். இன்னொருவர் குவைத்துக்கு விசா எதிர்பார்த்திருக்கிறார். நோட்டு மீண்டும் தையற்காரரின் இடுப்புத் துண்டுக்குள் போயிற்று.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் இளைய வாசகர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். ஆளுக்கு எட்டு ஓவர். முதலில் ஆடிய மணமானவர் 51 ஓட்டங்கள் எடுத்தனர். அவர்களுள் ஒருவர் இரண்டாம் ஓட்டத்துக்குத் திரும்புகையில் பாதி வழியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கரைமேலிருந்து அவருடைய மனைவியே முதலில் சிரித்தார். ஏரிக்கென்று தனி விதிகள் இருந்தன. கரையில் நேராகப் பட்டால் ஆறு. மேட்டுக் கொல்லைக்குள் பறந்து விழுந்தால் ஆட்டமிழப்பு. மல்லாட்டைச் செடியை மிதிக்கக் கூடாது என்பதற்காக. நீருக்குள் பறந்து விழுந்தாலும் ஆட்டமிழப்பு. நனைந்த பந்து எழும்பாது, புதுப் பந்துக்குச் செலவாகும். தரையில் பட்டு உருண்டுபோய் நீரில் விழுந்தால் இரண்டு ஓட்டம். ஆட்டம் தொடங்குமுன் நீரின் விளிம்பில் வேப்பங்குச்சிகளை நட்டு எல்லை குறித்திருந்தனர். நடுவராக நின்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். இரு தரப்பினரும் அவரிடம் படித்தவர்கள்.

கடைசி ஓவரைத் தையற்காரர் வீசினார். மணமாகாதவர் வெல்ல ஆறு ஓட்டங்கள் வேண்டும். தூறல் விழத் தொடங்கியிருந்தது. ஐந்து பந்துகளில் நான்கு ஓட்டங்கள் வந்தன, ஒருவர் ஆட்டமிழந்தார். கடைசிப் பந்துக்கு இரண்டு வேண்டும். காலடியில் இறக்க எண்ணிய பந்து ஈரத்தில் நழுவி இடுப்பளவில் வர, பொடியன் ஒருவன் அதை நீர்ப்பக்கமாகத் தூக்கியடித்தான். பந்து பறந்துபோய்ச் சளக்கென்று விழுந்தது. நீர் தெறித்ததை எல்லாரும் கண்டனர். மணமானவர் அணி கூச்சலிட்டுக்கொண்டு ஓடி வந்தது. வெற்றி அவர்களுடையது என்றே நாமும் எண்ணினோம்.

ஆனால் எதிரணித்தலைவர் நீருக்குள் இறங்கி நடந்து ஒரு வேப்பங்குச்சியைத் தொட்டுக் காட்டினார். குச்சி முழங்கால் அளவு நீரில் நின்றது. முந்தைய இரவு மேற்கே பெய்த மழை ஓடைவழியாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆட்டம் நடந்த இரண்டு மணி நேரத்தில் ஏரி பத்துப் பன்னிரண்டு தப்படி முன்னேறிவிட்டதை, ஆட்ட மும்முரத்தில் எவரும் கவனிக்கவில்லை. பந்து விழுந்த இடம் குச்சிக்கு உட்புறம். அப்படியானால் அது தரையா, நீரா? தரையில் பட்டு அப்பால் சென்றதாகக் கொண்டால் இரண்டு ஓட்டம். நீரில் விழுந்ததாகக் கொண்டால் ஆட்டமிழப்பு. இருதரப்பும் ஒரே நேரத்தில் பேசின. "தண்ணின்னா தண்ணிதான்டா!" என்றது ஒரு குரல். "ஆரம்பிக்கும்போது அங்க தண்ணி இருந்துச்சா?" என்றது மற்றொன்று. நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வெளியூர்க்காரர் என்பதால் நம்மையும் ஒருமுறை பார்த்தார். நாம் வானத்தைப் பார்த்தோம்.

தையற்காரர் குனிந்து கைகளை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "சார், ரெண்டு குடுங்க. குச்சிய நட்டவன் நான்தான்" என்றார்.

அவருடைய அணியினருக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் தொப்பியை வீசியெறிந்தார். ஆனால் நோட்டு வைத்திருப்பவர் சொன்ன பின்பு மறுத்துப் பேசும் வழக்கம் அங்கில்லை போலும். நடுவர் இரண்டு விரல்களை உயர்த்தினார். பொடியனைத் தோளில் தூக்கிக்கொண்டு நீருக்குள்ளேயே ஆடினார்கள்.

பந்தைத் தேடி எடுக்க அரைமணியாயிற்று. ஸ்டம்புகளைப் பிடுங்கிச் சாக்கில் கட்டினர். ஆடுதளத்தின் இரு முனைகளிலும் புதைத்திருந்த செங்கற்களைத் தோண்டியெடுக்க ஒருவர் முயன்றபோது, வேண்டாம் என்று தடுத்துவிட்டனர். அடுத்த ஆண்டு இடம் அடையாளம் காண அவை வேண்டுமாம். மழை வலுக்குமுன் அனைவரும் பேருந்து நிறுத்தத்துக் கடைக்குச் சென்றோம். நமக்கும் ஒரு கண்ணாடிக் குவளை கிடைத்தது. வென்றவர் தோற்றவருக்குத் தேநீர் வாங்கித் தர வேண்டும் என்பது மரபு. ஆனால் எண்ணிப் பார்த்தபோது பழைய பாக்கியே 340 ரூபாய் இருந்தது. இன்றைய 26 தேநீரும் அதன்மேல் ஏறிற்று. மணமாகாதவர் பைகளைத் துழாவினர். தீபாவளிச் செலவில் எல்லாம் கரைந்திருந்தன. தலைவர் கைப்பேசியை எடுத்தார். மழைக்குச் சிக்னல் இல்லை.

கடைக்கார அம்மையார் தையற்காரரை நோக்கிக் கையை நீட்டினார்.

"நோட்ட இங்க குடு தம்பி."

அவர் தயங்கினார்.

"பாக்கி தீர்றவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். பொங்கலுக்கு எவன் பந்து வாங்கணும்னு வரானோ, அவன் காசு குடுத்து மூட்டுக்கட்டும்."

தையற்காரர் பேனாவை வாங்கி, அடுப்பு வெளிச்சத்தில் கடைசிப் பக்கத்தில் அன்றைய கணக்கை எழுதினார். "19.10.2025. மணமாகாதவர் வெற்றி. தேநீர் 26, பாக்கி. கையிருப்பு: பந்து 2, ஒன்று நனைந்தது." பின்பு நோட்டை மூடிக் கொடுத்தார். அம்மையார் அதைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால், எறும்பு ஏறாத தட்டில் வைத்தார்.